மதினி, ஜீப்பிலிருந்து இரண்டு டிஸ்க்கையும் எடுத்துவிட்டேன்

கம்பம் ஊருக்கு வாழ வந்த நாளிலிருந்து என்னைப் பேசவைக்கப் பார்த்த என் மதினிக்கு,

பவி எழுதுகிறேன். உங்களுக்குத்தான் எழுதுகிறேன், ஆனாலும் நம் சேனல் பார்க்கிறவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன். இதில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

உங்களைத் தெரியாதவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக இரண்டு வரி. நீங்கள் என் அண்ணன் மனைவி. லோயர் கேம்ப்பில் பிறந்தவர். மிக்ஸி, மின்விசிறி, எமர்ஜென்சி விளக்கு, ஹார்டு டிஸ்க் என்று வீட்டுக்கு வாங்குகிற சாமான்களை ஒரு வருஷம் புழங்கிப் பார்த்து, அதற்குப் பிறகு நல்லது கெட்டது சொன்னீர்கள். சேனலுக்கு 'ஒரு வருசம் கழிச்சு' என்றே பெயர் வைத்தீர்கள். நான் செல்போனைப் பிடித்துப் படம் எடுத்தேன். போன ஆவணியில் ஆறு நாள் காய்ச்சலில் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மா இப்போது கம்பு ஊன்றாமல் நடக்கிறார். ஆடிக் காற்று ஆனியிலேயே ஆரம்பித்துவிட்டது, மத்தியானம் ஆனால் கரண்டு போய்விடுகிறது. "கரண்டு எங்க ஊர்லதான் பொறக்குது, இங்கன வந்து சேர மட்டும் அதுக்கு வழி தெரியல" என்று லோயர் கேம்ப் பவர் ஹவுஸை வைத்துச் சொல்வீர்களே, அதை இப்போது அம்மா சொல்கிறார். தான் கண்டுபிடித்த மாதிரி சொல்கிறார். நாங்கள் விட்டுவிட்டோம்.

அம்மா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த வருஷம் நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு நின்றேன். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்பது காரணம். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பது யாருக்கும் சொல்லாத காரணம். நின்றதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். வந்த மூன்றாம் வாரம் போனை என் கையில் கொடுத்து, "நீ பேச வேணாம் பவி, பிடி. நான் பேசிக்கிறேன்" என்றீர்கள்.

எவ்வளவு அழகாகப் பேசினீர்கள் மதினி! மற்றவர்கள் எல்லாம் பளிச்சென்று விளக்கு போட்டு, டப்பாவைப் பிரித்து, 'சூப்பர்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். "டப்பாவப் பிரிக்கிறதுக்கு எதுக்கு ஒரு ஆளு? கத்திரிக்கோல் போதுமே" என்று நீங்கள் கேட்டதற்கு நான் சிரித்ததில் போன் ஆடிவிட்டது. "ஏ புள்ள பவி, கை ஆடுது" என்று நீங்கள் அதட்டியதும் அந்த வீடியோவில் இருக்கிறது.

மிக்ஸி என்றால் சட்னி அரைத்துக் காட்டமாட்டீர்கள். விரலி மஞ்சளைப் போடுவீர்கள். அதை அரைத்துவிட்டு மூச்சு வாங்காமல் நிற்கிற மிக்ஸிதான் மிக்ஸி என்பீர்கள். அப்படியும் அன்றைக்கு 'நல்லது' என்று சொல்லமாட்டீர்கள். "வாங்குன அன்னிக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஒரு வருசம் கழிச்சு வாங்க, பேசுவோம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவீர்கள். அந்தப் பொறுமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது? கேட்க நினைத்துக்கொண்டே இருந்தேன், கேட்கவில்லை.

எமர்ஜென்சி விளக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு வருஷம் நன்றாக எரிந்தது, வாங்கலாம் என்று சொல்லிவிட்டீர்கள். பதினான்காம் மாதம் பேட்டரி உப்பிப்போய் அணைந்துவிட்டது. மறுநாளே 'நான் சொன்னது தப்பு' என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு வீடியோ எடுத்தீர்கள். விளக்கு விற்ற கடைக்கார சாகுல் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏத்தா, ஒரு வருசம்னுதான சொன்ன? வருசம் தாண்டித்தான போச்சு? எதுக்கு நீயா போயி வாயக் குடுக்குற?"

"நான் நல்லதுன்னு சொன்னது இன்னும் அங்கன கெடக்குதுல்ல அண்ணே. அதக் கேட்டுட்டு இன்னிக்கு ஒருத்தி வந்து வாங்குவாள்ல?"

"நீ பேசுனா என் சரக்கு கடையிலயே உக்காந்துக்கிருதுத்தா."

"உக்காரட்டும். அதுக்கும் கால் வலிக்கும்ல. காப்பி குடிக்கிறீகளா?"

அவர் சிரித்துவிட்டார். காப்பியும் குடித்தார். அதற்குப் பிறகு புதுச் சரக்கு வந்தால் முதலில் நம் வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்புவார்.

பிறகு அந்த இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று நீலம், ஒன்று கருப்பு. "எல்லாரும் வேகம் வேகம்னு சொல்றாக. இது என்ன பந்தயத்துலயா ஓடப் போகுது? வச்சது வச்சபடி இருக்கான்னுல பாக்கணும்" என்றீர்கள். நாம் அதுவரை எடுத்த வீடியோக்கள் முழுவதையும், நீங்கள் தப்பாகப் பேசி வெட்டிப் போட்ட துண்டுகள்வரை, இரண்டிலும் ஏற்றினோம். ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுக் கம்ப்யூட்டரில் அசல் இருந்தது. அதற்குப் பிறகுதான் யாருக்கும் தோன்றாத அந்தச் சோதனை. அண்ணன் தினமும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலையேறுகிற ஜீப்பின் டேஷ்போர்டுப் பெட்டியில் இரண்டையும் வைத்துப் பூட்டினீர்கள்.

"என்னங்க, இதுக ரெண்டும் நாளைலருந்து தோட்டத்துக்கு வருதுக" என்றீர்கள்.

"ஏற்கனவே ஜீப்புல ஆளு ஜாஸ்தி" என்றார் அண்ணன். ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டார்.

கொண்டை ஊசி வளைவும் குண்டும் குழியுமாக ஒரு வருஷம். மாதம் ஒரு முறை எடுத்துச் சும்மா திறந்து பார்ப்பது. ஆனி, ஆடி, இரண்டு மாதமும் இரண்டும் நன்றாகவே ஓடின. அப்போதுதான் பண்ணைப்புரத்திலிருந்து ஜோதி என்கிற அக்கா நம் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார். கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார், பிள்ளை வளர்வதை அவருக்காக எடுத்து எடுத்துப் போன் நிறைந்துவிட்டது, எந்த டிஸ்க் வாங்கட்டும் என்று கேட்டார். ஒரு வருஷம் பொறுங்கள் என்றீர்கள். 'பிள்ளை வருசம் பொறுக்காதே மதினி, இன்னிக்குத் தவழுது, நாளைக்கு நடந்துரும்' என்று திரும்ப எழுதினார். மூன்று நாள் விடாமல் கேட்டார்.

நீங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "வருசம் ஆகலயே பவி... சரி, பாவம் அந்தப் புள்ள" என்று சொல்லிவிட்டு, 'நீலத்த வாங்குங்க தங்கச்சி, நல்லாத்தான் இருக்கு' என்று பதில் போட்டீர்கள். கருப்பைவிட நீலம் சின்னது, பிள்ளை இருக்கிற வீட்டில் வைத்துக்கொள்ளச் சுலபம் என்று நினைத்தீர்கள். வருஷம் முடியாமல் நீங்கள் 'வாங்குங்க' என்று சொன்னது அது ஒன்றுதான். அடுத்த மாதம் டிஸ்க்கை எடுத்துப் பார்க்க நீங்கள் இல்லை.

அண்ணன் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. தோட்டத்துக்குப் போகிற அக்காக்கள் வெற்றிலைப் பையை வைக்க இடம் கேட்டால், "அது நெறஞ்சுருக்கு" என்பாராம். அப்படியே மலைமேல் போய்ப் போய் வந்தன இரண்டும். இந்த வைகாசியில் நான் போய் அவர் முன்னால் நின்றேன். "வருசம் ஆச்சுண்ணே" என்றேன். அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

கருப்பில் அத்தனையும் திறந்தது. நீலத்தைச் செருகினால் உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம். மூன்றாவது முறைதான் கம்ப்யூட்டருக்கே அது தெரிந்தது. நாற்பத்தோரு வீடியோ திறக்கவில்லை. ஒன்று பாதிவரை ஓடி நின்றுவிட்டது. மிக்ஸி மூடியைக் கையில் பிடித்து, வாயைத் திறந்தபடி அப்படியே நிற்கிறீர்கள். என்ன சொல்ல வந்தீர்கள்?  அசலைத் திறந்தேன். 'மஞ்சள்' என்றீர்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நம்முடையது மட்டும் கெட்ட டிஸ்க்காக இருக்கலாமோ என்று சாகுல் அண்ணனிடம் போய்க் கேட்டேன். நீலம் இரண்டு மூன்று அவரிடமும் திரும்பி வந்திருக்கிறது, எல்லாம் அதே சத்தம். ஆனால் இதைச் சேனலில் சொல்ல வேண்டும் என்றதும் அவர், "நான் இனிமே விக்கல, சரியா? அந்தப் புள்ள நல்ல பேரோட போயிருச்சு. அது சொன்னத அப்படியே விட்ருத்தா" என்றார். அண்ணன் அதைவிடக் கோபப்பட்டார். "செத்தவ தப்புப் பண்ணிட்டான்னு ஊருக்குச் சொல்லப் போறியா? பேசாதவ பேச வந்ததே இதுக்குத்தானா?" என்று கேட்டார்.

மதினி,  ஜோதி அக்காவுக்கு மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருக்கலாமா என்று பார்த்தேன். எழுதினேன், அவர் பார்க்கவே இல்லை. அதுமட்டுமில்லை, உங்கள் பதிலுக்குக் கீழே 'நன்றி, நானும் வாங்குறேன்' என்று இன்னும் எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். என்ன செய்தேன் தெரியுமா? அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது, எமர்ஜென்சி விளக்கு வீடியோவைப் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். 'நல்லதுன்னு நான் சொன்னது அங்கன கெடக்குதுல்ல. அதான் இத எடுக்குறேன்' என்று நீங்கள் சொல்கிற இடம் வந்ததும், சாப்பிடுகிற சத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் மத்தியானம் அண்ணன் ஜீப்பை நிறுத்தி, கைகால் கழுவிவிட்டு வந்தார். போனை எடுத்து, "எங்கன நிக்கணும்?" என்றார்.

முகம் வேண்டாம், கையும் டிஸ்க்கும் தெரிந்தால் போதும் என்றேன். தாளில் எழுதி வைத்திருந்தேன்.  நிமிர்ந்து பார்த்தேன், அண்ணன் போனைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். "அண்ணே, கை ஆடுது" என்றேன். வீடியோவில் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். அதை வெட்டவில்லை, வீடியோ அப்படித்தான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு தாளைப் பார்க்கவே இல்லை.

"எங்க மதினி நீல டிஸ்க்க வாங்கலாம்னு சொன்னாக. அது தப்பு. ஒருத்தருக்காக மனசு எளகி, வருசம் முடியாம சொல்லிட்டாக. வச்சுருக்கவுக இன்னிக்கே வேற ஒண்ணுல காப்பி எடுத்துக்கங்க. எங்க மதினி இருந்தா அவுகளே வந்து இதச் சொல்லிருப்பாக" என்றேன். அவ்வளவும் நான்தான் பேசினேன், மதினி. கேட்டால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

நான்காம் நாள் ஜோதி அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். இடுப்பில் பிள்ளை, பையில் பிள்ளையின் கம்பளித் தொப்பி, தொப்பிக்குள் டிஸ்க். "நீதான் பவியா? ஒன் கையத்தான் பாத்துருக்கேன்" என்றார். செருகினேன். டிக், டிக். அதைக் கம்ப்யூட்டர் பிடிக்க மூன்று முறை ஆனது. பிறகு பகல் முழுக்க உள்ளே இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே இருந்தோம். காற்றில் இரண்டு முறை கரண்டு போனது, நீங்கள் பதினாறு மாதம் பார்த்துத் தேர்ந்தெடுத்த இன்வெர்ட்டர் அசையவில்லை. பிள்ளை ஜீப் ஹாரனை அழுத்தி ஊரைக் கூட்டியது.

சாயங்காலம் எல்லாம் வந்துவிட்டது. தொட்டிலில் போட்ட அன்றைக்கு எடுத்த படங்கள் மட்டும் வரவில்லை. ஜோதி அக்கா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"ஒங்க மதினி பொறுன்னுதான் சொன்னாக. நச்சரிச்சது நாந்தான்" என்றார். பிறகு, "இன்னும் ஒரு மாசம் நீ சொல்லாம இருந்துருந்தா இதுவும் போயிருக்கும்ல?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தொட்டில் படங்கள் சவுதியில் அவர் கணவரின் போனில் இருக்குமா? கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் தகவல் இல்லை.

சாகுல் அண்ணன் இப்போது நீலம் கேட்டு வருகிறவர்களிடம், "வேணாம், பவி சொல்லிருச்சு" என்கிறாராம். போன வாரம் ஒரு புது டிஸ்க் கொடுத்துவிட்டார். நான் அதில் எல்லாம் ஏற்றி முடிப்பதற்குள் அண்ணன் ஜீப் பெட்டியைத் துடைத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

ஜோதி அக்காவுக்கு நீங்கள் எழுதிய பதிலை நான் அழிக்கவில்லை மதினி. அது அங்கேயே இருக்கிறது. அதற்குக் கீழே என் வீடியோவைப் போட்டிருக்கிறேன். தப்பாகப் போன பிறகும் அது அன்பில் எழுதிய பதில்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நீங்கள் யார் என்று தெரியும்.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். யார் எப்படிக் கேட்டாலும் வருஷம் முடியாமல் 'வாங்குங்க' என்று நான் சொல்லமாட்டேன். மனசு இளகி என்றைக்காவது சொல்லிவிட்டு அது தப்பாகிப்போனால், முதல் வரியிலேயே அதைச் சொல்வேன். எழுதி இல்லை, என் வாயால் சொல்வேன்.

இத்தனை நாள் போன் பிடித்த,
உங்கள் நாத்தனார்,
பவி