கோமதி என் பேர் இல்லை

சங்கரன்கோவில்
9.11.1982

மகளுக்கு,

பெண் பிறந்திருக்கிறாள் என்ற உன் கடிதம் கிடைத்தது. பிள்ளை சுகமாக இருக்கட்டும். தலைப்பிரசவத்துக்கு இங்கே வருவாய் என்று பார்த்தேன். "உங்க பேரையே வச்சிருக்கோம்மா, கோமதின்னு" என்று எழுதியிருக்கிறாய்.

நேற்று கோயிலில் ஓதுவாரிடம் அந்தப் பேருக்கு அர்த்தம் கேட்டேன். "ஆன்னாலும் பசுதான், கோன்னாலும் பசுதான். ஆவுடையான்னா பசுவை உடையவ, கோமதியும் அதேதாம்மா. நம்ம அம்மனுக்கு ரெண்டு பேரும் உண்டுல்லா" என்றார். அர்த்தம் ஒன்றுதான் என்றால், ஆவுடைத்தாய் என்ற என் பேரை நீ எதற்காகக் கல்யாணப் பத்திரிகையில் கோமதி என்று மாற்றினாய்? மாப்பிள்ளை வீட்டார் படித்தவர்கள், சிரிப்பார்கள் என்றாய்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் உன் தாய்மாமா, "ஏட்டி ஆவுடை, இங்கன வா" என்று மண்டபத்தில் சத்தம் போட்டான்.

"யாரு அது ஆவுடை?" என்று உன் மாமியார் கேட்டார்.

"சமையலுக்கு வந்தவங்க, அத்தை" என்றாய்.

நான் பூத்தட்டோடு உன் பின்னால்தான் நின்றேன். தட்டை வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய், அங்கே இருந்தவர்களோடு உட்கார்ந்து தேங்காய் துருவினேன். உனக்குத் தாலி கட்டும்போது எனக்கு மேளச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அம்மா தலைசுற்றிப் படுத்திருக்கிறாள் என்று எல்லாரிடமும் சொன்னாயாம்.

பேர் நல்ல பேர்தான். கோமதி என்றே கூப்பிடு. அது ஆச்சி பேர் என்று மட்டும் அவளிடம் சொல்லாதே.

தொட்டில் கட்டுவதற்கு நான் வரவில்லை. வந்தால் என்னை யாரென்று சொல்வாய்?

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்