பச்சைச் சீட்டு எலிகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு அனைவரும் நலம், எலிகள் உட்பட. முதலில் முக்கியச் செய்தி. எங்கள் ஆய்வகத்தின் மேலான குழு மூன்று முறை கூடி, இருவர் வெளிநடப்புச் செய்த பிறகு, எலிக் கூண்டுகளில் இனி எண்ணுக்குப் பதில் வண்ணச் சீட்டு ஒட்டுவது என்று தீர்மானித்தது. அறிவியல் வரலாற்றில் இதன் இடத்தைக் கீழே சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. கண் மஞ்சளாகிவிட்டது, ஈரல் கெட்டிருக்கிறது என்கிறார் டாக்டர், அதற்காக டிரை கிளீனிங் கடையை மூட முடியுமா, நீ எலிக்குக் கொடுக்கிற இலைச் சாற்றில் ஒரு பாட்டில் அனுப்பு, கூடப்பிறந்தவன் எலியைவிடவா மட்டம் என்று கேட்டிருந்தாய். மட்டமில்லை. ஆனால் எலிக்கு எத்தனை சொட்டு என்று எங்களுக்குத் தெரியும்; உனக்கு எத்தனை என்று யாருக்கும் தெரியாது. தவிர, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறுதான் குடிப்பேன் என்று எந்த எலியும் அடம்பிடிப்பதில்லை. அண்ணி போனில் எல்லாம் சொல்லிவிட்டாள்.

எங்கள் வேலை இவ்வளவுதான். நீ பின்னறையில் கோட்டுகளை வெளுக்கிற கெமிக்கலுக்குப் பங்காளி முறையாகும் ஒன்றை எலிகளுக்கு ஏற்றி ஈரலைக் கெடுப்போம். பிறகு பாதிப் பேருக்கு அதோடு சாறும், மீதிப் பேருக்கு அது மட்டும். சாறு குடிப்பவர்களுக்குச் சிவப்புச் சீட்டு, வெறும் கெமிக்கலுக்குப் பச்சை.

போன வாரம் இரத்தச் சோதனை முடிவு வந்தது. சிவப்புக் கூண்டு எலிகள் நாங்கள் எதிர்பார்த்ததைவிடத் தேறியிருந்தன. துறைத் தலைவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் பச்சைக் கூண்டின் முடிவும் வந்தது. அவை இன்னும் நன்றாகத் தேறியிருந்தன. தலைவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

விசாரித்ததில், எலிகளைப் பார்த்துக்கொண்டு ஊசியும் போடுகிற ஊழியர், நாங்கள் கூண்டு மாமா என்று கூப்பிடுபவர், அகப்பட்டார். பச்சை என்றால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம், சரியாகிப்போன பிராணிக்கு எதற்கு விஷம் என்று எங்களையே திருப்பிக் கேட்டார். சீட்டு ஒட்டிய நாளிலிருந்து அந்தக் கூண்டுகளுக்குக் கெமிக்கலே போகவில்லை. சாறும் போகவில்லை. தின்று, தூங்கி, தம்பாட்டுக்கு ஈரலைச் சரிசெய்துகொண்டிருக்கின்றன.

சாற்றின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விடவில்லை. விஷம் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே ஈரல் ஓரளவு தாங்கியிருக்கிறது. அது சின்ன விஷயமில்லை. மறுபடி ஒழுங்காகச் செய்து பார்க்கப் போகிறோம். மனிதருக்கு மருந்தாக வர வருடங்களாகும். வரும்போது நீ இருக்க வேண்டும்.

கெமிக்கலை விட்டு இப்போதே விலகிவிட்டால் ஈரல் மீண்டுவிடும் என்று உன் டாக்டரும் சொன்னாராமே. அதை மட்டும் எழுத மறந்துவிட்டாய். பாட்டில் அனுப்பவில்லை. இத்துடன் ஒரு பச்சைச் சீட்டு வைத்திருக்கிறேன். இது ஒட்டியிருக்கும் பிராணிக்குக் கெமிக்கல் கிடையாது. ஜன்னல் இல்லாத அந்தப் பின்னறைக்குள் போகாதே அண்ணா. மாத்திரையை விடாதே. நூறு வயது வரை என்னைக் கிண்டல் செய்துகொண்டிரு.

உன் தங்கை

*

அன்புள்ள தங்கைக்கு,

பாட்டில் கேட்டவனுக்குக் காகிதம் அனுப்பிய மகராசி, நன்றாக இரு. எங்கே ஒட்ட வேண்டும் என்று நீ எழுதியிருக்கலாம். உன் அண்ணி அதை என் சட்டை முதுகில் ஒட்டிவிட்டாள். தெரியாமல் நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாடிக்கையாளர் என்ன விலை என்று கேட்டார். எந்த விலைக்கும் யாரும் வாங்கமாட்டார்கள் என்று உள்ளேயிருந்து உன் அண்ணி பதில் சொன்னாள்.

மாத்திரை போட்டுக்கொள்கிறேன். கூண்டு மாமாவைத் திட்ட வேண்டாம் என்று உன் தலைவரிடம் சொல்.

எலியைவிட மட்டமில்லாத
உன் அண்ணன்

பி.கு.: கடையில் இப்போது வெளுக்கக் கோட்டு வாங்குவதில்லை.