அடக்க ஆராதனையில் விசிறிக்கொண்டது பற்றி

மார்த்தாண்டம்,
ஞாயிறு.

அன்புள்ள ரெஜிலாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடிருக்க வேண்டுகிறேன். நீ என் அழைப்புகளை எடுக்காததால் இதை எழுதி, மஸ்கட்டுக்குத் திரும்பும் டெல்வினிடம் கொடுத்தனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வார்டில் நின்றபடியே படித்துவிடுவாய். அறைக்குப் போய், உட்கார்ந்து படி.

உன் குரல் பதிவைக் கேட்டேன். "எங்கம்மைய குழியில எறக்குத நேரம் நீங்க பேப்பர வச்சு விசிறிட்டு நிக்கிய. ஒரு பிடி மண்ணு போடாம எறங்கியும் போயாச்சு. அம்மை ஒங்களுக்கு ஆருமில்லியா?" என்று கேட்டிருந்தாய். நேரலையில் நீ கண்டது அனைத்தும் உண்மை. நான் எதையும் மறுக்கவில்லை. காரணத்தை மட்டும் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு சிறுநீர் தடைப்பட்டபோது தந்த டாம்சுலோசின் மாத்திரையைப் பற்றி நீதான் எனக்கு விளக்கினாய். புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் இறுகிய தசையை அது தளர்த்தும். கூடவே இரத்தக் குழாய்களும் தளர்வதால் எழும்போது தலை சுற்றும் என்றாய். உனக்குத் தெரிந்தது அவ்வளவே. அதன்பின் நாகர்கோவிலில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். இப்போது எனக்கு லூப்ரோலைடு ஊசி போடுகிறார்கள். ஊசியின் பெயரைச் சொன்னாலே நோயின் பெயர் உனக்குத் தெரிந்துவிடும் என்பதால்தான் சொல்லாமலிருந்தேன். புராஸ்டேட்டில் புற்றுநோய். எலும்புக்குப் பரவவில்லை. கதிர்வீச்சும் உண்டு. அம்மை படுக்கையில் கிடந்த நேரம். அவர்கள் தேறியதும் சொல்லலாமென்று ஒத்திப்போட்டேன். அவர்கள் தேறவில்லை.

ஆண் ஹார்மோன் சுரப்பு இந்த நோய்க்குத் தீனி என்கிறார் மருத்துவர். ஊசி முதலில் சுரப்பைக் கூட்டும்; அந்த வாரங்களில் அது நோயைத் தொடாதபடி வேறொரு மாத்திரை. பிறகு மூளையிலிருந்து வரும் கட்டளையே நின்றுபோய், சுரப்பு ஏறக்குறைய இல்லாமலாகும். நோய் பட்டினி கிடக்கும். நானும் கூடவே கிடக்கிறேன். மார்பு நோகிறது, உடம்பு ஊதியிருக்கிறது. ஆணுக்குரிய ஆசை என்று ஒன்று இருந்ததே நினைவில்தான் இருக்கிறது. முன்னறிவிப்பின்றி நெஞ்சிலிருந்து தலைவரை அனல் ஏறி, சட்டை நனைந்துவிடும். இதைப் பார்த்து உன் நாத்தி செசிலி, "அண்ணனுக்கும் எங்களப் போல நின்னு போச்சா, இந்த வேர்வ வேர்க்குது?" என்று கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மருத்துவப்படி அவள் சொன்னது ஏறக்குறையச் சரி.

அடக்கத்தன்று சிதறால் கல்லறைத் தோட்டத்தில், போதகர் ஜெபிக்கும்போது அந்த அனல் ஏறியது. கையிலிருந்த ஆராதனைத் தாளால் விசிறினேன். உன் தம்பி ஜான்ரோஸ் என் காதில், "அத்தான், கேமரா ஒங்க மேலதான் நிக்குது. அக்கா பாத்துட்டிருப்பா, விசிறாம நில்லுங்க" என்றான். நிறுத்தினேன். கடைசி ஜெபத்துக்கு முழங்காலிட்டு எழுந்தபோது, மாத்திரையைப் பற்றி நீ சொன்னபடியே கண் இருட்டியது. குழிக்குள் விழுந்துவிடுவேன் என்று தோன்றியதால் சுவர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். திரும்பி வந்தபோது குழியை மூடியிருந்தார்கள்.

மறுநாள் காலை தனியே போய் ஒரு பிடி மண் போட்டேன். போட வேண்டியது முறை என்பதால் போட்டேன். அழுகை வரவில்லை. என்னைப் பெற்றவள் போன பிறகு எனக்குச் சோறு போட்டது லீலாபாய் அம்மைதான் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. ஊசி இப்படியும் செய்யும், உணர்ச்சி மட்டுப்படும் என்று மருத்துவர் சொன்னார். எல்லாவற்றையும் ஊசியின்மேல் போடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் நீ அழுதபோது, "சரி, உடம்பப் பாத்துக்கோ" என்று வைத்தவனும் நான்தான். எனக்கு உன்மேல் வெறுப்பில்லை. வேறொருத்தியும் இல்லை. அழும் உன்னிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவே.

நம் மகள் பிளஸ்ஸிக்கு இன்னும் தெரியாது. தேர்வு முடிந்ததும் நாம் இருவரும் சேர்ந்து சொல்வது நல்லது. அடுத்த ஊசிக்கு வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். ஜான்ரோஸ் வருவான், ஆனால் அவன் எதையும் கேட்கமாட்டான். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டுமென்று உனக்குத் தெரியும்.

திருமணமான நாள்முதல் உன் விடுப்பைப் பற்றி நான் ஒருபோதும் வற்புறுத்தியதில்லை. முறைப்படி கிடைக்கும்போது வா என்றே எழுதியிருக்கிறேன். அவசர விடுப்பை அம்மையின் மருத்துவமனை நாட்களில் எடுத்துத் தீர்த்துவிட்டாய் என்பதும், ஒப்பந்தம் முடியாமல் புறப்படுவது விதிக்கு மாறு என்பதும் எனக்குத் தெரியும்.

கர்த்தர் உன்னையும் உன் கைவேலையையும் ஆசீர்வதிப்பாராக. விடுப்பு தராவிட்டாலும் வா, ரெஜிலா.

இப்படிக்கு,
உன் அன்புள்ள கணவன்,
செல்வதாஸ்