மண்டபத்துக்குள் வராத உன் அம்மா

தங்கச்சி,

முந்தாநாள் வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் ஏறிய ஓர் அம்மாவை நான் மோந்து பார்த்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. அவர் முழங்காலுக்கு நோவெண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தார். சிவப்பு விளக்கில் ஓட்டோ நின்றதும் அந்த வாசம் பின் சீற்றில் இருந்து எழும்பி வந்தது. நான் திரும்பி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என்ன தம்பி, சுகமில்லையோ?"

"இல்லைங்கம்மா. வாசம் நல்லாருக்கு."

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. பச்சை விழுவதற்குள் அவர் இறங்கி முன்னால் நின்ற ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார். தலை நரைத்த வயதில் எனக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்தது. விளக்கு மாறியதும் தெரியாமல் நான் அங்கேயே இருந்தேன். பின்னால் நின்ற பஸ்காரன் "யன்ன மல்லி, யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லிக் கத்திய பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

எத்தனையோ வருடம் என் பின் சீற்றில் அந்த வாசம்தான் இருந்தது. சீற் துணியை மாற்றினாலும் போகாது. ஏறுகிறவர்கள் "இது என்ன ஆஸ்பத்திரியா?" என்று கேட்பார்கள். "இலங்கைக்கு ஆடுற பிள்ளையோட முழங்கால் இருந்த இடம், மரியாதையா உட்காருங்க" என்பேன்.

உன்னைக் காலைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கச் சொல்லி உன் அம்மா என்னைப் பிடித்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. நான் கொட்டாஞ்சேனையில் இருந்து இருட்டோடு கிளம்பி வருவேன். நீ அரைத் தூக்கத்தில் உன் உயரத்துக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மாடியில் இருந்து இறங்குவாய். முதல் நாள் உறையைத் திறந்து உன் பட்மின்டன் மட்டையை எட்டிப் பார்த்து, "இதுல பற்றரி எங்க போடுறது?" என்று கேட்டேன். நுளம்படிக்கிற கரண்ட் மட்டையை, அந்தக் கொசு மட்டையைத்தான் நான் அதுவரை கண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளேன். நீ சிரிக்கவில்லை. கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை.

"கரண்ட் என்ர கையில இருக்கு அண்ணை."

அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, வாயில் எனக்குச் சரியான ஆள் கிடைத்துவிட்டதென்று. அதன்பிறகு நுளம்புதான் நமது பாஷை. பயிற்சி முடிந்து வந்தால், "இன்னைக்கு எத்தனை நுளம்பு செத்துச்சு?" என்பேன். நீ வெளிநாடு போய் வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்து நிற்பேன். "அந்த ஊரு நுளம்பு எப்பிடி?"

"பெரிசு அண்ணை. நான் அடிக்க முதல் கடிச்சுப்போட்டுது."

முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாய் என்று அதற்கு அர்த்தம். வத்தளை வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவாய். வத்தளை தாண்டியதும் பையில் தலையை வைத்துப் பேசாமல் இருப்பாய். நான் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டுவேன். மற்ற நாட்டுக்காரிகளோடு வைத்தியர், உடம்பு பிடித்துவிடுகிறவர் எல்லாம் வருவார்களாம். உன்னோடு போனது கொட்டாஞ்சேனையில் நான் வாங்கித் தந்த எண்ணெய்ப் போத்தல். பகலில் கம்பனி வேலை, பின்னேரம் அந்தக் கம்பனி அணிக்கு ஆட்டம், விடிந்தால் நாட்டுக்கான பயிற்சி. ஒரு முழங்கால் எவ்வளவுக்குத்தான் தாங்கும்?

இத்தனைக்கும் நடுவில், ஒரேயொரு தடவை தவிர, உன் அம்மா நீ ஆடிப் பார்த்ததில்லை. உன் முதல் பள்ளிக்கூடப் போட்டிக்கு அவர் முன் வரிசையில் போய் இருந்தார். நீ வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாய். "என்ர கண் நல்லதில்லை தம்பி" என்று அன்றைக்கு முடிவு எடுத்தவர், பிறகு எந்த மண்டபத்துக்கும் உள்ளே வரவில்லை. வெளியே என் ஓட்டோவில் திருநீற்றுப் பொட்டலத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பியபடி இருப்பார். நான் உள்ளே ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சேதி சொல்ல வேண்டும். எனக்குப் புள்ளிக்கணக்கு ஒன்றும் விளங்காது. "வேர்த்திருக்கு, நிக்கிறா" என்று சொல்வேன். அவருக்கு அது போதும்.

கொழும்பில் நடந்த அந்தச் சர்வதேசப் போட்டிக்கு முதல் நாள் நீ ஓட்டோவை மறித்து நிறுத்தி என்னிடம் ஒன்று கேட்டாய்.

"அண்ணை, டொக்டர் இதோட நிப்பாட்டச் சொல்லிட்டார். நான் ஒருக்கா நாட்டுக்கு ஆடுறதை அம்மா பாக்கவேணும். வெண்டாலும் சரி, தோத்தாலும் சரி. எப்பிடியாவது உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

நீ என்னிடம் பகிடியில்லாமல் ஒன்றைக் கேட்டது அப்போதுதான்.

மறுநாள் உன் அம்மா வழக்கம்போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "அம்மா, உள்ள காத்தே இல்ல. ஷட்டில் பறந்துருமுன்னு காத்தாடிகூடப் போடமாட்டாங்க. காத்தில்லாத இடத்துல உங்க கண்ணு மட்டும் எப்பிடிம்மா அவ்வளவு தூரம் போகும்?"

"உமக்கு விசர்" என்றார். ஆனால் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு இறங்கியும் விட்டார்.

ஒரு தூணுக்குப் பின்னால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் ஷட்டிலைப் பார்க்கவே இல்லை. துணி சுற்றிய உன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மடங்கும்போதெல்லாம் என் சட்டை இறுகியது. ஆட்டத்தின் நடுவில் நீ நிமிர்ந்து எங்களைக் கண்டாய். உன் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிட்டது. நடுவர் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாய். தோற்றாய். தோற்றுவிட்டு எங்களிடம் நொண்டி நொண்டி ஓடிவந்தாய்.

"அம்மா, பாத்தியளோ?"

"பாத்தன்."

"எப்பிடி?"

"நல்லா மெலிஞ்சுபோனாய்."

நீ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே இருந்துவிட்டாய்.

அடுத்த மழைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தது. வேலைக்களைப்பு என்றாய். மாத்திரை போட்டுக்கொண்டு திரிந்தாய். எழும்ப முடியாமல் போனபோது நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். அதே சீற்றில் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாய். டெங்கு என்று அங்கே சொன்னார்கள். தள்ளுவண்டியில் உன்னை எடுக்கும்போது, பழக்கதோசம், வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது: "என்ன தங்கச்சி, கடைசியில நுளம்பு ஜெயிச்சிருச்சா?"

நீ கண்ணைத் திறந்தாய். "மட்டையை வீட்டில விட்டிட்டன் அண்ணை" என்றாய்.

நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. நாடு நாடாய்ப் போய் உன்னைவிடப் பெரிய ஆட்களோடு மல்லுக்கட்டிய பிள்ளையை, பூச்சாடித் தண்ணீரில் பிறந்த ஒன்று கொண்டுபோய்விட்டது. அந்தப் பகிடியை நான் பிறகு யாரிடமும் விடவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அன்று உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் அண்டைக்கு உள்ளுக்கு வந்திருக்கக்கூடாது தம்பி" என்றார். அதன்பிறகு அவர் யாருடைய பிள்ளையையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மாடியின் லிப்ட்டுக்குள் ஒரு பிள்ளை ஏறினால் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பார். அதை நானே கண்டேன்.

நேற்று உன் நினைவாக உன் பழைய மண்டபத்தில் பெண்பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். கோப்பை கொடுக்க அம்மா வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முதலில் மாட்டேன் என்றவர் காலையில் எனக்குப் போனில் கோல் எடுத்தார். "தம்பி, வாரியளோ?" அவ்வளவுதான். வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. பழையபடி ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஒரு பகிடி தேடினேன். கிடைக்கவில்லை. கண்டதைச் சொன்னேன்.

"அம்மா, அன்னைக்கு நான் உங்க பக்கத்துலதான் நின்னேன். நீங்க ஆட்டத்தப் பாக்கவே இல்ல. முழங்காலத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. உங்க கண்ணு முழுக்க அதுல விழுந்துச்சு. அந்த முழங்கால் கடைசிவரைக்கும் உடையலையேம்மா."

அவர் ரோட்டில் இருந்து முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"ஓம்" என்றார் பிறகு. "முழங்கால் நிண்டதுதான்."

தானே இறங்கினார். முன் வரிசையில் இருந்தார். முழு ஆட்டத்தையும் பார்த்தார். கோப்பையைக் கொடுத்துவிட்டு, மூலையில் அழுதுகொண்டிருந்த தோற்ற பிள்ளையிடம் போய், கன்னத்தைப் பிடித்து, அவள் முகத்தை நேராகப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும்போது ஈரத்துக்கு ஓட்டோ ஸ்டார்ட் ஆகவில்லை. ஆடிய பிள்ளைகள் எல்லாம் வந்து தள்ளினார்கள். பாரம் குறையட்டும் என்று அம்மாவும் இறங்கித் தள்ளினார். ஸ்டார்ட் ஆனது. நின்றால் மறுபடியும் அணைந்துவிடும் என்று நான் நிறுத்தாமலே ஓட்டினேன். நீ எனக்கு மட்டும் விட்டுப்போன கதைகளை இனி அவருக்குச் சொல்ல வேண்டும் என்று வழியில் தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். வத்தளை தாண்டிய பிறகு நீ எப்படி இருப்பாய் என்பதைச் சொன்னேன். முதல் நாள் காலையில் நீ எனக்குச் சொன்ன பதிலைச் சொன்னேன். நான் கண்ணாடியைத் திருப்பி வைத்ததையும் சொன்னேன். காலி வீதி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அழுகிறார் போல, அழட்டும் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் மாடிவீட்டு வாசலில் நிறுத்தி, "பாத்து இறங்குங்கம்மா" என்றேன். காவலாளி குடையோடு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். சீற்றில் அம்மாவின் கைப்பை இருந்தது. தள்ளிவிட்ட அம்மா மண்டபத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருடைய போன் கைப்பைக்குள் இருந்தது.