கடைமுக்கத்தில் மேயர்

மேயர் மகளுக்கு,

ஜெயித்துவிட்டாயே! கனடாவில் ஒரு நகரத்துக்கே மேயர்! முதல் கவுன்சிலர் தேர்தலில் தோற்றாய், அடுத்ததில் ஜெயித்தாய், இந்த முறை பனியில் வீடு வீடாக ஏறி இறங்கினாய். எல்லாம் எனக்குத் தெரியும். உன் ஆத்தா போனில் பேசும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

நேற்றுக் காலை கொடும்பாளூர் கடைமுக்கத்தில் உனக்கு பேனர் கட்டி வெடி போட்டார்கள். நான் பஸ்ஸை மறித்து டிரைவருக்கும் லட்டு கொடுத்தேன். உன் கல்யாணத்திலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத உன் சித்தப்பா நாகராசு ஓடிவந்து கட்டிப்பிடித்து, "நம்ம ரத்தம்ணே!" என்றான்.

அப்புறம்தான் பேனரை நிமிர்ந்து பார்த்தேன். நீ பதவியேற்ற படம். பக்கத்தில் நின்றவரை வெட்டி எடுத்திருந்தார்கள். உன் தோளில் அவர் கை மட்டும் மிச்சம் இருந்தது.

"யாருடா வெட்டுனது?"

"நாந்தாண்ணே. அந்தாளு நம்ம சனமில்லையே," என்றான் நாகராசு.

"எறக்குடா பேனரை! எம் மாப்பிள்ளை இல்லாம எம் மக மட்டும் எதுக்குடா நிக்கணும்?"

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. என் வாயிலிருந்து முதல் தடவையாக மாப்பிள்ளை என்ற சொல் வந்ததை, லட்டுத் தட்டோடு நின்ற உன் ஆத்தாவும் கேட்டாள். சாயங்காலத்துக்குள் புது பேனர் வந்துவிட்டது. அதில் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள்.

ஒரு காரியம் செய். நீ அப்போது அனுப்பிய கல்யாணப் படத்தைக் கூடத்தில் மாட்டலாம் என்று எடுத்தேன். அதில் நீ மட்டும்தான் இருக்கிறாய். கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்று கேட்காதே. முழுப் படம் ஒன்று அனுப்பு. பெரிதாக.

உன் அப்பா