குப்பம்மாள் வாங்காத சீர்

தை 3, வெள்ளிக்கிழமை.

சுமத்ராவிலிருந்து வந்திருக்கும் தம்பி சாப்பிடும்போது சொன்னான்: "அங்க மலைநாட்டுல நிலம் அம்மாவுக்கப்புறம் பொண்ணுக்குத்தாண்ணா. ஆம்பளைங்கதான் பிழைக்க ஊர்விட்டுப் போவாங்க."

தங்கை குப்பம்மாள் சிரித்தாள். "அங்க பொறந்திருந்தா அண்ணன்தான் மூட்டை கட்டியிருக்கும்."

புருஷனை இழந்து வந்தவள் கேட்டது, தானே களையெடுத்த கிணற்றடிக் கடலைக்கொல்லை ஒன்றுதான். பெண்ணுக்கு நிலம் கிடையாது என்று மறுபடி சொல்லி, பொங்கல் சீர்ப் புடவையை நீட்டினேன்.

"நீயே வெச்சிக்கண்ணா" என்றாள். பட்டணம் கிளம்பிய தம்பியோடு காட்பாடி ரயிலடிக்கு வண்டி ஏறிவிட்டாள். பட்டணத்தில் மில் வேலையாம்.

நிலம் என்னுடையது. அதில் பேச்சே இல்லை. ஆனால் சீரை மறுத்த பெண் இனி எந்த உரிமையில் இந்த வாசலுக்கு வருவாள்? புடவை வேண்டாமென்றால் போகட்டும், நீ வந்து போ என்று சொல்லியிருக்கலாம். வண்டி ஏரிக்கரையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.