இரண்டாம் பாதி

மஃப்ரக்
3 மார்ச் 1987

அன்புத் தஹானி,

என் அண்ணன் லைத் உன் அண்ணன் குஸையைக் குத்திக் கொன்றான். இதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

அன்றே எங்கள் உறவு முழுக்கப் பழிக்குப் பயந்து கரக் ஊரைவிட்டு வெளியேறியது. பிசைந்த மாவு தட்டிலேயே கிடந்தது. லைத் சிறையில்.

அடுத்த வாரம், 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை எங்களுக்காகப் பெரியவர்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். உன் அப்பா சமாதானத்துக்கு இணங்கும்வரை காப்பியைத் தொடமாட்டார்கள். அவர் 'குடியுங்கள்' என்றால் எங்கள் வீட்டு ஆண்கள் பிழைப்பார்கள்.

நீ பேசு, தஹானி. பேச்சுப் போட்டியில் குலுக்கிய சீட்டு உனக்கு மன்னிப்பைத் தலைப்பாகக் கொடுத்தது, எனக்குப் பழியை. பரிசு எனக்கு. ஆனால் உன் பேச்சுக்குத்தான் நான் அழுதேன்.

உன்
ஷுரூக்

கரக்
9 மார்ச்

ஷுரூக்,

'அன்பு' என்று எழுதி அடித்துவிட்டேன்.

குஸையைக் கழுவக் கழுவ ரத்தம் வந்தது. வயிற்றில் பஞ்சை அடைத்தார்கள். பார்த்தேன்.

பள்ளி மலரில் வந்த உன் பேச்சை அப்பா தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். "கொன்றவனை மன்னிப்பது, செத்தவனை இன்னொரு முறை புதைப்பது." வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்: "பாருங்கய்யா, கொன்னவன் தங்கச்சியே எழுதியிருக்கா!"

ஹம்ஸா அண்ணன் சாப்பிட்டபடியே துப்பாக்கியைத் துடைக்கிறான். "உன் சிநேகிதிக்கு நல்ல நாக்குடீ. லைத் உள்ள இருந்தா என்ன? அவ அப்பன் வெளியதான திரியுறான்?"

உன்னை வெறுக்கிறேன். ஆனாலும் பேசுவேன். இப்திஹால் டீச்சர் சொன்னபடியே: எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாகச் சொல், பிறகு உடை.

தஹானி

கரக்
13 மார்ச், வெள்ளி

ஷுரூக்,

இதைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுக்கிறேன். உன் அப்பாவை வெளியே விடாதே.

பெரியவர்கள் வந்தார்கள். காப்பி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அப்பா என்னைக் கதவருகே கூப்பிட்டார். "மேடையில பேசுனவ நீ. உன் அண்ணனுக்காகப் பேசும்மா."

உன் பேச்சைச் சொன்னேன். உன்னைவிட நன்றாக. பஞ்சைச் சொன்னேன். மாமா தரையில் தலையை முட்டினார். நிறுத்தி, மூச்செடுத்து, "ஆனால்" என்றேன்.

கேட்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அப்பா எழுந்து கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தரையில் கவிழ்த்தார். வெளியே கார் உறுமியது. "சபாஷ்டீ தங்கச்சி!" ஹம்ஸாவின் குரல்.

வகுப்பில் எல்லாரும் முடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். அதை யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை.

இரண்டாம் பாதி முழுதும் எனக்குள் இருக்கிறது. தொண்டையில் எலும்பு போல.

தஹானி

மஃப்ரக்
20 மார்ச்

தஹானி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அப்பாவை வெள்ளி மாலையே ரொட்டிக்கடை வாசலில் சுட்டுவிட்டான் உன் அண்ணன். முகத்தில். சூடான ரொட்டிகளை நெஞ்சோடு அணைத்தபடி விழுந்தாராம். அவற்றை அம்மா தூக்கிப்போட விடவில்லை.

உன்மேல் கோபமா என்று தேடிப் பார்த்தேன். அந்த வரிகள் என்னுடையவை.

நாயிஃப் அண்ணனுக்குச் சித்தப்பா துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருக்கிறார். துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத்துணியைக் கழற்றியதும் கரக்குக்குக் கிளம்புவானாம். நேற்று என்னிடம் வந்து நின்றான். "பரிசு வாங்கினவளாச்சே. சொல்லு, நான் போகணுமா வேண்டாமா?"

எனக்குப் பழி மட்டும்தான் பேசத் தெரியும். சீட்டில் வந்தது அதுதான்.

உன் இரண்டாம் பாதியை எழுதி அனுப்பு. 'ஆனால்' என்ற சொல்கூட வேண்டாம். அதற்கு அடுத்த வரியிலிருந்து.

உன்
ஷுரூக்